நிழலுக்குச் செடி கேட்டவள்

பட்டாசு ஆபீஸ் வெடித்துப் பதினோரு பேர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷமும் சில நாட்களும் கழிந்திருந்த ஆவணி மாதத்தில், நெடுங்கரட்டுப்பட்டி கீழத் தெருவில், தன் வீட்டு வேலியில் தானாக முளைத்துப் படர்ந்திருந்த கோவைக்கொடிக்குக் கீழே குருவம்மா தன் மகளின் இடது பாதத்தைப் பார்த்தாள். பாதம் மட்டும்தான். கொடி அந்த அளவுக்குத்தான் படர்ந்திருந்தது. அதன் நிழல் ஒரு முறத்தின் அகலம்கூட இல்லை. அந்த முறத்தளவு நிழலுக்குள், சுண்டுவிரலில் ஆடு மிதித்த பழைய தழும்போடும் கழற்றவே விடாத கொலுசோடும் பாண்டிச்செல்வியின் பாதம் மண்ணில் ஊன்றி இருந்தது. வெயில் தொடங்கிய இடத்தில் கணுக்கால் முடிந்துவிட்டது. குருவம்மா வாளியைக் கீழே வைத்தாள். குனிந்து, கொலுசில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். பிறகு உள்ளே போய்ப் புருஷனிடம், "செல்வி வந்திருக்கா. காலு மட்டும்தான் தெரியுது," என்றாள்.

சோலையப்பன் இருபத்திரண்டு வருஷம் பட்டாசு மருந்து அறையில் வேலை பார்த்து நெஞ்சில் தூசி அடைத்துப்போன ஆள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் இருமல் வந்துவிடும்.

"செருப்பு போட்டிருக்காளா?" என்று கேட்டான்.

"இல்ல."

"தரை சுடுமே," என்று எழுந்து வந்தான்.

இருவரும் சேர்ந்து குடையை விரித்துப் பிடித்தார்கள். குடை நிழலில் கால் வளரவில்லை. பழைய சேலையைக் கட்டிப் பார்த்தார்கள், ஓலைத்தட்டியைச் சாய்த்துப் பார்த்தார்கள், கடைசியில் சோலையப்பன் தானே குறுக்கே நின்று தன் நிழலை விழவைத்தும் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. அந்த மண்ணில் வேர்விட்டு நிற்கும் பச்சை இலையின் நிழலில் மட்டும்தான் அவள் இருந்தாள். சாயங்காலம் நிழல் மங்கியபோது பாதமும் மங்கிப்போய், மறுநாள் வெயில் ஏறிய பிறகு மறுபடி வந்தது. எதனால் என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. வெடித்த அன்று ஊர் முழுக்கச் சாம்பல் பெய்தது, மூன்று நாள் சோற்றுப்பானையில் கிடந்தது, கிணற்றில் மிதந்தது. அதற்குப் பிறகு அந்த மண்ணில் எது முளைத்தாலும் ஆச்சரியப்படுகிற தெம்பு ஊரில் யாருக்கும் இல்லை.

ஆனால் அங்கே முளைக்கிறது என்பதே அபூர்வம். நிலம் வெடித்த கரிசல், தண்ணீர் உப்பு, தெருவுக்கு இருந்த ஒரே பச்சை ஓடைக்கரைச் சீமைக்கருவேல்தான். குருவம்மா அங்கேயும் போய்ப் பார்த்தாள். கருவேலின் நிழல் சல்லடை நிழல். அதற்குள் யார் யாரோ சலித்துக் கொட்டிய மாவு மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தார்கள், முகம் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் திரும்பி வந்து, மகளின் பாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புரட்டாசிக்காகக் காத்திருந்தாள்.

புரட்டாசி பிறந்து வடக்கே முதல் இடி உருண்ட வாரத்தில், வருஷா வருஷம் வருகிற மாதிரி, தென்காசிப் பக்கத்திலிருந்து ஞானதுரையின் செடி லாரி வந்தது. அடைமழைக்கு முன்னால் நட்டுவிட்டால் வேர் பிடித்துக்கொள்ளும் என்று, மற்ற ஊர்களில் விற்றது போக மிச்சத்தோடு அவர் அங்கேயும் ஒரு நடை எட்டிப் பார்ப்பார். அநேகமாக யாரும் எதுவும் வாங்கமாட்டார்கள். அன்றைக்குக் குருவம்மா லாரி நிற்கும் முன்னமே அதன் பின்பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூவுக்கா, வேலிக்கா?" என்றார் ஞானதுரை.

"நிழலுக்கு."

"நிழலுக்குன்னா புங்கங்கன்னு கொண்டுபோங்க. நாலு வருஷத்துல வாசலையே மூடிரும்."

"நாலு வருஷம் பொறுக்க முடியாதுண்ணே. தை பிறக்குறதுக்குள்ள நிழல் விழணும்."

"எம்புட்டு நிழல்?"

குருவம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காட்டினாள். "இப்படி ஒரு பிள்ளை உக்காந்தா, உச்சந்தலை வரைக்கும்."

கிணற்றை மறைக்க, பங்காளி வீட்டு ஜன்னலை மறைக்க என்று எத்தனையோ அளவுகளைக் கேட்டுப் பழகியவர் ஞானதுரை. இதையும் கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். காகிதப்பூவைக் காட்டி, தண்ணீரே வேண்டாம், கல்லிலும் வரும் என்றார். குருவம்மா தண்டைத் தடவிப் பார்த்தாள். "முள்ளு இருக்கு. அவ தலையை நிமித்துனா கிழிச்சிரும்." முல்லை மணமாக இருக்கும், ஆனால் இரண்டு வருஷம் சவலையாக நிற்கும் என்றார். சங்குப்பூவின் இலைக்கும் இலைக்கும் நடுவே வெளிச்சம் ஒழுகியது. பீர்க்கை விதை நாற்பதே நாளில் பந்தலை மூடிவிடும் என்று கேட்டதும் அவள் கை ஆசையோடு நீண்டது. மாசியில் காய்ந்துவிடும் என்று அவர் சேர்த்துச் சொன்னதும், மாசியில் இன்னொரு தடவை அவளைப் பறிகொடுக்கிறதா என்று நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அரளி விஷம். போனவளை விஷம் என்ன செய்துவிடும் என்று அவளுக்கே தோன்றியது, இருந்தாலும் வேண்டாம் என்றாள்.

கடைசியில் ஞானதுரை ஒரு மூலையிலிருந்து இரண்டு குச்சிச் செடிகளை எடுத்தார். "இது ரங்கூன் மல்லி. வெறி பிடிச்ச கொடி. வேர் ஒட்டிருச்சுன்னா வீட்டு ஓடுகளையே பிடுங்கிரும். இலை அடர்த்தி. பூ வெள்ளையாப் பூத்து ஒரே நாள்ல சிவந்துபோகும்."

"சாகுமா?"

"நீங்களா வெட்டுனாத்தான்."

அவள் அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டாள். மேற்கு வெயில் சாய்ந்து அடிக்கும்போது பக்கவாட்டில் தடுக்க இரண்டு நந்தியாவட்டையும், எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு செம்பருத்தியும் எடுத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. சோலையப்பன் இருமிக்கொண்டே நாலு கல்தூண் நட்டுக் கம்பி இழுத்தான். கொடி கம்பியில் ஏறிய ஒவ்வொரு சாணுக்கும் பாண்டிச்செல்வி ஒவ்வொரு சாண் வந்தாள்: ஐப்பசி நடுவில் முழங்கால் வந்தது, தீபாவளிக்கு மறுநாள் அவள் கடைசியாகக் கட்டிப்போன பச்சைப் பாவாடை முழுசாக வந்தது, கார்த்திகை பிறந்தபோது மடி வந்தது, மடிக்கு மேலே இரண்டு கைகள் வந்தன. கைகள் சும்மா இல்லை. வெறும் காற்றை எடுத்து வெறும் காற்றில் சுற்றி, பெருவிரலால் தேய்த்து, கீழே வைத்து, அடுத்ததை எடுத்தன. பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிற அதே கை, அதே வேகம். கார்த்திகைக் கடைசியில் முகம் வந்தபோது அது கையைப் பார்த்துக் குனிந்தே இருந்தது. "தாயி," என்று கூப்பிட்டாள் குருவம்மா. "ஏ செல்வி, அம்மாவைப் பாரு தாயி." பத்தொன்பது வயது முகம், ஒரு தீக்காயம்கூட இல்லாமல், வியர்த்திருந்தது. நிமிரவில்லை.

இதற்குள் ஊர் அதைப் பழகிக்கொண்டது. குருவம்மா செடி வாங்கிய அடுத்த வாரமே ஞானதுரையை ஆள் அனுப்பி மறுபடி வரவழைத்து, போனவர்கள் இருந்த மற்ற பத்து வீட்டுக்காரர்களும் லாரியைச் சுற்றி நின்று, எங்க அண்ணன் நெட்டை, எங்க வீட்டுக்காரருக்கு வெயில் ஆகாது, எங்க அம்மா கால் நீட்டித்தான் உட்காருவாள் என்று அளவு சொல்லிச் சொல்லிச் செடி பொறுக்கினார்கள்; டீக்கடையில் சணல் கயிறும் மூங்கில் கழியும் விற்பனைக்கு வந்தன; ஆடுகளை அவிழ்த்துவிட்டால் தெண்டம் என்று ஊர்க்கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள்; ரேஷன் கடைக்காரர், கார்டில் ஒருதடவை அடித்த பேரை மறுபடி எழுத வழியில்லை என்று சொல்லிவிட்டு, பந்தலைப் பார்த்துக் கும்பிட்டுப் போனார்; பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் முதலில் பந்தலுக்கு அடியில் இருந்தவருக்கு வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

பக்கத்து வீட்டுச் சொர்ணம் மட்டும், நூல் நூலாக இலை விடுகிற மயில்மாணிக்கக் கொடியைத் தேடி வாங்கினாள். அவள் புருஷன் உச்சிமாகாளியும் அன்றைக்குப் போனவர்களில் ஒருவன். உயிரோடு இருந்தபோது அவளை அடிக்காத சனிக்கிழமை கிடையாது.

"இதுல நிழலே விழாதே சொர்ணம்," என்றாள் குருவம்மா.

"கீத்து கீத்தா விழும்ல மதினி, அது போதும். முழுசாப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. பாக்காமயும் இருக்க முடியல."

எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, யாரும் பேசவில்லை. பதினோரு வீட்டு வாசலிலும் பதினோரு பேர் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெறுங்கையால் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வெறுங்கையைத்தான் குருவம்மாவால் தாங்க முடியவில்லை. மார்கழியில் ஒருநாள், பரணிலிருந்து பழைய காகிதக் கட்டையும் உருட்டுக் கம்பியையும் எடுத்து, ஒரு கிண்ணத்தில் மைதாப் பசை காய்ச்சி ஆற்றி, மகளின் மடிக்குப் பக்கத்தில் வைத்தாள். கைகள் ஒரு நொடி நின்றன. பிறகு காகிதத்தை எடுத்தன. பாண்டிச்செல்வியின் நெற்றியில் அதுவரை இருந்த சுருக்கம் தளர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மகளுக்குக் கொடுக்கத் தன்னிடம் இன்னும் ஒன்று இருக்கிறதே என்று, அன்று அவள் சோறு தின்றாள். சாயங்காலம் ஒரு கூடை நிறையக் குழாய்கள் இருந்தன. ஒன்றும் கோணலில்லை. மற்ற வீட்டுக்காரர்களும் வந்து பார்த்தார்கள், போய் அவரவர் வாசலில் காகிதம் வைத்தார்கள்.

அதைப் போர்மேன் தவமணி பார்த்தது பொங்கலுக்கு நாலு நாள் முன்னால். ஆபீஸை வேறு இடத்தில் மறுபடி கட்டி முடித்தும் வேலைக்குப் போதிய ஆள் வராமல், ஊர் ஊராகக் கூப்பிட்டுக்கொண்டு அலைந்தவர். குருவம்மா வாசலில் நின்று ஒரு குழாயை எடுத்துக் கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தார்.

"யாரு உருட்டுனது?"

"செல்விதான் அண்ணாச்சி."

அவர் பந்தலுக்குள் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றினார். குழாயைக் கூடையில் திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் பட்டாசுக் கம்பெனி லாரியில் செடி வந்தது. இலவசம் என்றார்கள். ஊரைப் பசுமையாக்குகிறோம் என்று துணியில் எழுதிக் கட்டினார்கள். செடியோடு காகிதக் கட்டும் வந்தது. அதற்கும் அடுத்த மாதம், வெடித்துக் கருகிய பழைய இடத்தையே சுற்றி வேலி போட்டு, இரும்புக் குழாயில் நீளப் பந்தல் அடித்து, எங்கிருந்தோ தொட்டியிலேயே வளர்த்துக் கொண்டுவந்த ரங்கூன் மல்லிகளை மண்ணில் இறக்கினார்கள். எந்தக் கொடி வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் ஞானதுரையிடம் யோசனை கேட்கவே இல்லை. குருவம்மா வாசலில் எது நிற்கிறதோ அதையே வாங்கிவந்தார்கள். பந்தல் மூடியபோது அதற்கு அடியில் ஊர்க்காரர்கள் மட்டும் இல்லை; எட்டு வருஷம் முன்னால் வெடித்ததில் போனவர்கள், அதற்கும் முன்னால் போனவர்கள், பேர்கூட மறந்துபோனவர்கள், எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து குனிந்திருந்தார்கள். உயிரோடு இருக்கிறவர்களை வேலைக்குக் கூட்டிப் போக இனிமேல் வேன் வராது என்று அந்த வாரமே சொல்லிவிட்டார்கள். செத்தவர்கள் இன்னொரு தடவை சாகமாட்டார்கள் என்பதால் பந்தலில் மருந்து அடைக்கிற வேலையும் தொடங்கிற்று.

ஒருநாள் குருவம்மா மகளின் முகத்தைத் துடைக்கப் போனபோது, விரல் நகங்களில் வெள்ளியாக மின்னியது. அலுமினியப் பொடி. தான் வைத்த காகிதத்தில் அது இல்லை. அவள் வெயிலில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தாள்: கொடி காற்றில் ஆடி இலை விலகுகிறபோதெல்லாம் பாண்டிச்செல்வி மறைந்தாள், மறைந்துவிட்டு வருகிறபோதெல்லாம் நகத்தில் கொஞ்சம் கூடுதலாக மின்னியது.

"அங்கயும் இருக்கா," என்றாள் உள்ளே போய். "இங்க இல்லாத நேரத்துல அங்க இருக்கா. மருந்து அடைக்கிறா. நான்தான் பழக்கிவிட்டேன். நான்தான் கையில காகிதத்தைக் குடுத்தேன்."

சோலையப்பன் எழுந்து வந்து கொடியைப் பார்த்தான். "வெட்டிருவோம்," என்றான்.

"வெட்டுனா முகத்தைப் பாக்க முடியாதே."

"அவ போய்ச் சேரட்டும். நாம பாக்குறதுக்காக அவ உக்காந்திருக்கணுமா?" இருமல் வந்து மிச்சத்தை அடித்துக்கொண்டு போனது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, நிழல் விழத் தொடங்கும் முன்னால், குருவம்மா அரிவாளை எடுத்து ரங்கூன் மல்லியின் இரண்டு தண்டையும் அடியில் வெட்டினாள். பெருவிரல் தடிமன் இருந்தது. நந்தியாவட்டையை வெட்டினாள், செம்பருத்தியை வெட்டினாள், வேலியில் இருந்த கோவைக்கொடியையும் வேரோடு பிடுங்கினாள். கொடியைக் கம்பியிலிருந்து உருவி, உருவ முடியாததை அறுத்து, தெருக்கோடியில் கொண்டுபோய்ப் போட்டாள். பத்து மணிக்கு வாசல் முழுக்க வெயில் அடித்தது. அவள் அதைக் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, இழுத்துக்கொண்டே கிடந்த ஒரு வேலை முடிந்ததுபோல் பாயை விரித்துப் படுத்தாள். இரண்டு பேரும் அன்று அழவில்லை. ஓய்ந்திருப்பாள், இந்நேரம் எங்காவது கையை நீட்டிப் படுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் சொர்ணம் வந்து வாசலிலேயே நின்றாள்.

"மதினி, எப்படிச் சொல்லுறதுன்னு தெரியல. கம்பெனிப் பந்தல்ல நாலாவது வரிசையில செல்வி இருக்கா. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நகரவே இல்ல."

குருவம்மா ஓடினாள். வேலிக்கதவில் தவமணி நின்றுகொண்டிருந்தார். அவர் தடுக்கவில்லை. நாலாவது வரிசையில், பச்சைப் பாவாடையை ஒதுக்கி உட்கார்ந்து, பாண்டிச்செல்வி குழாய்க்குள் மருந்தை அடைத்துக்கொண்டிருந்தாள்; முழங்கை வரை வெள்ளியாக இருந்தாள். குருவம்மா அவள் தோளைப் பிடித்தாள், அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள், வைக்கோல் கட்டு அளவுகூடக் கனமில்லாத பெண்ணை இடுப்பில் சாய்த்துக்கொண்டு வரிசைகளைத் தாண்டி ஓடினாள். பந்தலின் விளிம்பு வந்தது. வெயிலில் ஒரு அடி வைத்தாள். இடுப்பில் ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தாள், நாலாவது வரிசையில் அவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"விட்டுருங்க அண்ணாச்சி," என்றாள், தரையில் உட்கார்ந்து. "இந்தப் பந்தலை வெட்டச் சொல்லுங்க."

"இதை வெட்டுனா அடுத்த ஊர்ப் பந்தலுக்குப் போவாம்மா. இப்ப எல்லாக் கம்பெனிக்காரனும் செடி வைக்கிறான். எங்க நிழல் பெருசோ அங்க போயிருதாக." தவமணி அவளுக்குச் சமமாகக் குத்தவைத்து உட்கார்ந்தார். "முதல் வரிசை மூணாவது ஆளு என் தம்பி. நான் தினமும் அவனுக்கு முன்னால மருந்து கொண்டுபோய் வைக்கிறேன். என்னை என்ன செய்யச் சொல்லுதீக?"

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் கொடுமையாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "தண்ணி ஊத்த மட்டும் உசுரோட ஆள் வேணும்," என்றார். "கோடை வருது. நீங்க வாரீகளா? பக்கத்துல இருக்கலாம்."

பங்குனியில் குருவம்மா கம்பெனிப் பந்தலுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையில் சேர்ந்தாள். தொட்டியிலிருந்து குடத்தில் மொண்டு, தூருக்கு ஒரு குடம். வரிசை வரிசையாக நடக்கிறபோது யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. நாலாவது வரிசையில் மட்டும் ஒரு நொடி கூடுதலாக நின்று, மகளின் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு நகர்ந்தாள். இப்படி ஒரு மாதம் போன பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. முழுசாக வெட்டினால்தானே வேறு நிழலுக்குப் போவாள். முகம் நிழலில் இருக்கட்டும், கைக்கு மட்டும் வெயில் விழட்டும். கை இல்லாவிட்டால் வேலை இல்லை.

சித்திரை பிறந்த நாளிலிருந்து, குடத்தை இறக்கி வைக்கிற சாக்கில், மகளின் மடிக்கு நேர் மேலே இருந்த இலைகளில் ஒரு நாளைக்கு நாலு, ஒரு நாளைக்கு மூன்று என்று கிள்ளினாள். கிள்ளிய இலையை மடியில் முடிந்துகொண்டு போனாள். கூரையில் முதலில் காசளவு ஓட்டை விழுந்தது. பிறகு கையகலம் ஆயிற்று. பதினேழாம் நாள் உச்சி வெயில் அதன் வழியாக நேராக இறங்கி, பாண்டிச்செல்வியின் மடியில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு விழுந்தது. இரண்டு கைகளும் மணிக்கட்டோடு இல்லாமல் போயின. பாதி அடைத்த குழாய் தரையில் விழுந்து உருண்டது.

குருவம்மா குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அந்தத் தலை நிமிர்ந்தது. பாண்டிச்செல்வி இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், பாவாடையின் மடிப்பைப் பார்த்தாள். பிறகு தன் அம்மாவைப் பார்த்தாள், அடையாளம் தெரிந்தது.

"யம்மா," என்றாள். "என் கையைக் காணோம்."

"இங்கதான் இருக்கு தாயி. கொஞ்ச நேரம் ஓயட்டும்னுதான்..."

"காணோம்மா. ரெண்டையும் காணோம். எங்கம்மா போச்சு? எனக்குப் பயமா இருக்கும்மா. குடும்மா."

குருவம்மா மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் இல்லை, அம்மா இருக்கேன், கொஞ்சம் பேசு, அம்மாகிட்ட ஏதாவது பேசு என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அந்தக் கண்கள் அவளைத் தாண்டி, தரையில், காற்றில், பக்கத்து வரிசையில் தேடின. உதடு கோணி, சின்னப் பிள்ளையில் தொலைந்துபோனபோது அழுத அழுகை தொடங்கிற்று. பந்தலில் மற்ற யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குருவம்மா குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறினாள். ஓட்டையின் இரண்டு பக்கத்துக் கொடியையும் இழுத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டாள், நிற்காமல் விலகியது, சேலைத் தலைப்பிலிருந்து ஒரு நாடா கிழித்து இறுக்கிக் கட்டினாள். வெயில் அடைந்தது. கீழே இரண்டு கைகளும் வந்தன. அழுகை நின்றது. தலை குனிந்தது.

அவள் இறங்கி, உருண்டு கிடந்த குழாயை எடுத்து அந்தக் கையில் கொடுத்தாள். அது பிடித்துக்கொண்டது. ஐந்தாவது வரிசைக்கு இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை; குடத்தை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள்.